மோதல் இல்லாமலே விரியும் கார் தலைத்தாங்கிகள்

கார் இருக்கையின் முதுகுப் பகுதிக்கு மேலே, தலைக்குப் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும் திண்டு தலைத்தாங்கி எனப்படும். பேச்சு வழக்கில் இதை ஹெட்ரெஸ்ட் என்பர். பின்னால் வரும் வண்டி மோதும்போது தலை பின்னோக்கிச் சாய்ந்து கழுத்தில் காயம் ஏற்படாமல் தடுப்பதே இதன் முதன்மையான வேலை. இதன் மேம்பட்ட வடிவம் முனைப்புத் தலைத்தாங்கி ஆகும். மோதல் நேரும் கணத்தில் இது தானாகவே முன்னோக்கி நகர்ந்து தலையை ஏந்திக்கொள்ளும்.

முனைப்புத் தலைத்தாங்கிகளில் ஒரு பிரிவு, இழுத்துப் பூட்டி வைத்த சுருள்வில்லின் விசையால் இயங்குகிறது. அப்பிரிவைச் சேர்ந்த சில தலைத்தாங்கிகள், எந்த மோதலும் நேராதபோதே திடீரென்று விரிந்து ஓட்டுநரின் பின்தலையில் அடிப்பதாக அமெரிக்காவில் பல புகார்கள் எழுந்தன. அவை நீதிமன்ற வழக்குகளாகவும் வளர்ந்தன. காப்பதற்காக வைத்த கருவி தானே அடிப்பது எப்படி, அதை எப்படி அறிவது, அது நிகழ்ந்த பின் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தலையணை அன்று, தடுப்பு

ஹெட்ரெஸ்ட் என்னும் சொல் ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கிவிட்டது. சாய்ந்து இளைப்பாறுவதற்கான தலையணை என்றே பலரும் இதை நினைக்கின்றனர். அமெரிக்கச் சட்டத்தில் இதற்குத் தலைக்கட்டுப்பாடு என்னும் பொருள்படும் பெயரே வழங்குகிறது. ஓய்வுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. தொடக்கத்தில் இது வசதிக்கான பொருளாகத்தான் எண்ணப்பட்டது. 1921-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த பெஞ்சமின் கட்ஸ் என்பவர் கார் தலைத்தாங்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது எல்லாக் கார்களுக்கும் வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1969 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் பயணிகள் கார்களின் முன் இருக்கைகளில் தலைத்தாங்கி கட்டாயம் என்று விதி வந்தது.

இன்னொரு தவறான செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கார் நீரில் மூழ்கினால் கண்ணாடியை உடைப்பதற்காகவே தலைத்தாங்கியைக் கழற்றும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது உண்மையன்று. அவரவர் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குவதற்காகவே அது இரு கம்பிகளின் மேல் நிற்கிறது. அக்கம்பிகளைக் கொண்டு கண்ணாடியை உடைக்க முடியலாம். ஆனால் அவை அதற்காக வைக்கப்பட்டவை அல்ல.

கழுத்தில் நடப்பது

நின்றுகொண்டிருக்கும் காரின் பின்னால் வேறொரு கார் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதப்பட்ட கார் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. இருக்கை அதனுடன் சேர்ந்து நகர்கிறது. இருக்கையின் முதுகுப் பகுதி, அமர்ந்திருப்பவரின் உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. தலைக்குப் பின்னால் மட்டும் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. நியூட்டனின் முதல் விதிப்படி, அசையாத பொருள் விசை படும்வரை அசையாமலே இருக்கும். எனவே உடல் முன்னே போகத் தலை இருந்த இடத்திலேயே நிற்கிறது. பார்ப்பவருக்குத் தலை பின்னோக்கி வீசப்படுவது போலத் தோன்றும். உண்மையில் பின்தங்குவதுதான் நடக்கிறது.

இந்த இடைவெளியைக் கழுத்துதான் தாங்கியாக வேண்டும். முதல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்தெலும்புத் தொடரின் கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேற்பகுதி முன்னோக்கியும் வளைந்து, பாம்பு நெளிவது போன்ற வடிவத்தை அடைகிறது. அதன் பின்னரே தலை முழுவதுமாகப் பின்னே சாய்கிறது. இந்த நெளிவின்போதே கழுத்தின் மூட்டுகளும் தசைநார்களும் காயப்படக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சாட்டையைச் சொடுக்கும்போது ஏற்படும் அசைவை ஒத்திருப்பதால் இதற்குச் சாட்டையடிக் காயம் என்று பெயர்.

விசையின் அளவை எளிய கணக்கால் அறியலாம். நிற்கும் காரை அதே எடையுள்ள கார் மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் மோதினால், நின்ற கார் ஏறத்தாழ மணிக்கு 16 கி.மீ. வேகம் பெறும். அதாவது நொடிக்கு 4.4 மீட்டர். இந்த வேகம் 0.09 நொடியில் கிடைக்கிறது என்றால் முடுக்கம் சுமார் 49. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு. மனிதத் தலையின் எடை சுமார் 4.5 கிலோ. அதை உடலோடு சேர்த்து இழுத்துச் செல்லக் கழுத்து ஏறக்குறைய 22 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். சாலைச் சந்திப்பில் அன்றாடம் நடக்கும் சிறு மோதலுக்கே இந்தக் கணக்கு. எலும்பு முறியாது, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. ஆனால் கழுத்து வலி வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

அசையாத் தலைத்தாங்கியின் குறை

தலைக்குப் பின்னால் தாங்கி இருந்தால் மட்டும் போதாது. அது சரியான உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு அருகிலும் இருக்க வேண்டும். தலைக்கும் தாங்கிக்கும் இடையே 15 செ.மீ. வெளி இருந்தால், தலை தாங்கியைத் தொடும் முன்பே கழுத்தின் நெளிவு நடந்து முடிந்துவிடும்.

1982-இல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இருக்கையோடு ஒன்றாகச் செய்யப்பட்ட தலைத்தாங்கிகள் பின்மோதலில் காயத்தை 17 விழுக்காடு குறைத்தன. ஏற்றி இறக்கக்கூடியவை 10 விழுக்காடு மட்டுமே குறைத்தன. வசதி கூடுதலாக உள்ள பொருள் குறைவாகக் காப்பாற்றியதற்குக் காரணம் எளிது. பெரும்பாலோர் அதை ஏற்றி வைக்கவே இல்லை. கடையிலிருந்து வந்தபடி அடிமட்டத்திலேயே விட்டிருந்தனர். மிகத் தாழ்ந்த தலைத்தாங்கி கழுத்தின் நடுவே பட்டு, தலை அதன் மேல் மடங்கவும் வழி செய்யும்.

ஓட்டுநர் சரிசெய்து வைப்பார் என்று நம்பிப் பயனில்லை என்பதைப் பொறியாளர்கள் இதிலிருந்து உணர்ந்தனர். தேவையான நேரத்தில் தாங்கியே தலையை நோக்கி வந்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

இரண்டு வழிகள்

இதற்கு விடையாக இரண்டு வகை அமைப்புகள் உருவாயின. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இந்தக் கட்டுரையின் மையம்.

முதல் வகையைச் சுவீடனின் சாப் நிறுவனம் 1997-இல் தன் 9-5 காரில் அறிமுகப்படுத்தியது. இருக்கையின் முதுகுக்குள் ஒரு தகடு இருக்கும். மோதலின்போது அமர்ந்திருப்பவரின் முதுகே அந்தத் தகட்டை அழுத்தும். நெம்புகோல் ஒன்று அந்த அழுத்தத்தை மேலே கடத்தித் தலைத்தாங்கியை மேலும் முன்னும் நகர்த்தும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழுவதைப் போன்றது இது. மின்சாரம் வேண்டாம், உணரி வேண்டாம். மோதல் முடிந்ததும் தானே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, சாப் கார்களில் இது சாட்டையடிக் காயத்தின் வாய்ப்பை 75 விழுக்காடு குறைத்ததாகக் கண்டது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகத்தின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு, பல கார்களை ஒன்றாக எடுத்துப் பார்த்து, கழுத்துக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 விழுக்காடு குறைந்ததாகக் கூறியது. ஆக, முனைப்புத் தலைத்தாங்கி வெற்று விளம்பரம் அன்று. பலரின் கழுத்தைக் காப்பாற்றிய கருவி.

இரண்டாம் வகை எலிப்பொறியைப் போன்றது. தலைத்தாங்கி முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரிந்திருக்கும். இடையே வலுவான சுருள்வில் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டு, ஒரு கொக்கியால் பூட்டப்பட்டிருக்கும். காற்றுப்பைகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியே இதையும் கவனிக்கிறது. பின்மோதலை உணரி கண்டுகொண்டதும் மின்துடிப்பு பாய்ந்து கொக்கி விடுபடும். சுருள்வில் விரிந்து முன்பாதி தலையை நோக்கிப் பாயும். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் நெக்-புரோ இவ்வகையைச் சேர்ந்தது. அதில் தாங்கி சுமார் 4 செ.மீ. முன்னும் 3 செ.மீ. மேலும் நகரும். அமர்ந்திருப்பவரின் எடையையோ முதுகு அழுத்தத்தையோ நம்பி இராததால், மெலிந்த உடலினருக்கும் இது சமமாக வேலை செய்யும். உடல் இருக்கையில் அழுந்துவதற்கு முன்பே இயங்கத் தொடங்குவது இதன் பெரிய சிறப்பு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முதல் வகையில் ஆற்றல் மோதலின்போதுதான் பிறக்கிறது. இரண்டாம் வகையிலோ ஆற்றல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாள் முதல் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் அடைபட்டுக் காத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பாகங்களில் எது விட்டுக்கொடுத்தாலும் தாங்கி விரியும். பொறி கெட்டுப்போனால் அது இயங்காமல் போவதில்லை. வேண்டாத நேரத்தில் இயங்கிவிடுகிறது.

மோதல் இல்லாமல் விரிவது எப்படி

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, தட்டுப்படுதல். கிரைஸ்லர் நிறுவனக் கார்களின் கையேட்டிலேயே இது பற்றிய எச்சரிக்கை உண்டு. கையோ காலோ, கட்டாமல் வைத்த சாமானோ பலமாக இடித்தால் தாங்கி விரியக்கூடும் என்றும், திடீரென்று பிரேக் போடும்போது பின்னாலிருக்கும் சாமான்கள் முன்னே வந்து இடிக்காதபடி கட்டி வைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பின்னிருக்கையில் குழந்தைகள் காலை உதைத்து விளையாடும் வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

இரண்டு, மின்னணுப் பிழை. உணரியோ இணைப்புக் கம்பியோ பழுதாகித் தவறான துடிப்பை அனுப்புவது. காற்றுப்பை அமைப்பு தன்னைத் தானே சோதித்துக்கொண்டே இருப்பதால், பெரும்பாலான மின் பழுதுகள் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கை எரியவைத்துவிடும். அதாவது முன்னறிவிப்புக்கு வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, பிடிப்புப் பாகம் உடைவது. புகார்களின் பெரும்பகுதி இதைப் பற்றியதே. இதில் எச்சரிக்கை விளக்கு எரியாது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் இது நடக்கும். கார் நிறுத்தப்பட்டு, உள்ளே யாருமே இல்லாதபோது விரிந்து கிடந்ததாகவும் புகார்கள் உள்ளன.

பிளாஸ்டிக் பாகம் ஆண்டுகள் பல நன்றாக இருந்துவிட்டு ஒரு நாள் ஏன் உடைகிறது? இங்கே ஊர்வு என்னும் பண்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருளின் மேல் அதன் வலிமைக்குட்பட்ட விசையே செயல்பட்டாலும், அது இடைவிடாமல் நீண்டகாலம் செயல்பட்டால் பொருள் மெல்ல மெல்ல நெளியும். இறுதியில் விரிசல் விடும். உலோகங்களில் இது மிக உயர்ந்த வெப்பத்தில்தான் கவனிக்கத்தக்க அளவில் நடக்கும். பிளாஸ்டிக்கில் சாதாரண வெப்பநிலையிலேயே நடக்கும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பைப் பாருங்கள். வாங்கிய புதிதில் எத்தனை முறை அழுத்தினாலும் உடையாது. வெயிலில் கொடியிலேயே கிடந்த கிளிப் ஒரு நாள் தொட்டதும் இரண்டாகப் போகும். அதன் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் அன்றும் நன்றாகவே இருக்கும்; உடைந்தது அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்தான்.

கார் தலைத்தாங்கியின் நிலையும் இதுவே. சுருள்வில்லின் விசை இரவும் பகலும் பிடிப்பின் மேல் இருந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் அதே பாகம் உறைநிலைக்குக் கீழே போய் நொறுங்கும் தன்மை பெறும். பரிசோதனைக் கூடத்தில் ஆயிரம் முறை விரித்துப் பூட்டிப் பார்ப்பதால் மட்டும் இந்தக் குறை தெரியாது. விரியாமல் பத்தாண்டு காத்திருக்குமா என்பதையும் சோதித்திருக்க வேண்டும். பத்தாண்டுக் காத்திருப்பைச் சில வாரங்களில் அறிய வெப்பத்தைக் கூட்டி விரைவு மூப்புச் சோதனை செய்யும் முறை பொறியியலில் நெடுங்காலமாக உள்ளது. இதைப் புதிய அறிவு என்று சொல்லிவிட முடியாது.

ஆற்றலைச் சேமித்துக் காத்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஜப்பானின் தகாட்டா நிறுவனக் காற்றுப்பைகளில் வெப்பமும் ஈரப்பதமும் பல ஆண்டுகள் பட்டு அம்மோனியம் நைட்ரேட் சிதைந்ததால் ஊதுகலன்கள் வெடித்துச் சிதறின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதுகலன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே உயிர்கள் போயின. தலைத்தாங்கிக் குறையை அதனோடு ஒப்பிட்டு அச்சமூட்டுவது சரியாகாது. காரணத்தின் வகை மட்டுமே ஒன்று: கருவி பயன்பட்டதால் கெடவில்லை, காத்திருந்ததால் கெட்டது.

அடி எப்படிப்பட்டது

புகார் செய்தவர்கள் பெரும்பாலும் இரண்டைக் குறிப்பிடுகின்றனர்: வெடிப்பது போன்ற ஓசை, பின்தலையில் விழுந்த அடி. சிலர் தலைவலியும் கழுத்து வலியும் ஏற்பட்டதாகக் கூறினர். உண்மையான பின்மோதலில் தலை தாங்கியை நோக்கி வந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திப்பதால் கழுத்துக்கு நன்மை. மோதல் இல்லாதபோது தலை அமைதியாக இருக்கிறது, அல்லது தாங்கியில் சாய்ந்தே இருக்கிறது. அப்போது விழுவது வெறும் அடி மட்டுமே. பக்கவாட்டில் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் காதின் மேலோ கன்னத்தின் மேலோ படும். கொண்டை போட்டு ஊசி செருகியிருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அடியை விடப் பெரிய கேடு திடுக்கிடல். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். என்ன நடந்தது என்று விளங்காமல் ஓட்டுநர் இரண்டு நொடி தடுமாறினால் கார் 56 மீட்டர் தூரத்தைக் கவனிப்பாரின்றிக் கடந்திருக்கும்.

அமெரிக்க வழக்குகள்

இப்புகார்களில் மிகுதியானவை, கிரைஸ்லர் குழுமத்தின் 2010-க்குப் பிந்தைய சில கார்களைப் பற்றியவை. டாட்ஜ் ஜர்னி, டாட்ஜ் டுராங்கோ, டாட்ஜ் கிராண்ட் கேரவன், ஜீப் கிராண்ட் செரோக்கி ஆகியவை அவற்றுள் அடங்கும். அக்குழுமம் 2014 டிசம்பரில் எஃப்.சி.ஏ. யு.எஸ். என்று பெயர் மாறியது. 2021 ஜனவரியில் உருவான ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் பகுதியாயிற்று.

2018-இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இது தொடர்பாகக் குழு வழக்கு தொடரப்பட்டது. பின்னர் புளோரிடாவிலும் வழக்கு வந்தது. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலரின் சார்பில் ஓரிருவர் தொடுப்பது குழு வழக்கு எனப்படும். சில நூறு டாலர் இழப்புக்காகத் தனியொருவர் பெரிய நிறுவனத்தை எதிர்த்து வழக்காடினால் வழக்கறிஞர் கட்டணத்துக்கே அது போதாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. தலைத்தாங்கிக்குள் இருக்கும் பிடிப்புப் பாகத்துக்குத் தரம் குறைந்த பிளாஸ்டிக் பயன்படுத்தப்பட்டது. சுருள்வில்லின் தொடர்ச்சியான விசையைத் தாங்காமல் அது விரிசல் விட்டு உடைகிறது. நிறுவனம் இதை அறிந்தும் வாங்குவோரிடம் மறைத்தது என்பவை வழக்குத் தொடுத்தவர்களின் குற்றச்சாட்டுகள். நிறுவனம் இவற்றை மறுத்தது. இவை ஒரு தரப்பின் வாதங்கள் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

வழக்குகளின் உள்ளே பணம் சார்ந்த எளிய கேள்வி ஒன்றும் இருந்தது. இக்கார்களுக்கான அடிப்படை உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். ஊர்வினால் உண்டாகும் உடைவுக்குக் காலம் தேவை. எனவே குறை வெளிப்படும்போது பல கார்களுக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டிருக்கும். செலவு உரிமையாளரின் தலையில் விழும். அதே பாகத்தை அதே பிளாஸ்டிக்கில் மாற்றிப் பொருத்தினால் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

உத்தரவாதத்துக்கும் திரும்ப அழைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே அறிவது நல்லது. உத்தரவாதம் என்பது விற்பவர் தரும் வாக்கு, காலக்கெடுவோடு முடிந்துவிடும். திரும்ப அழைத்தல் என்பது சட்டக் கடமை. குறை பாதுகாப்புக்கு அளவு மீறிய ஆபத்தை உண்டாக்குவது என்று முடிவானால், கார் முதன்முதலில் விற்கப்பட்டு 15 ஆண்டுகள் வரை உற்பத்தியாளர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2015-க்கு முன் இது 10 ஆண்டாக இருந்தது. ஆகவே தானே விரியும் தலைத்தாங்கி வெறும் பழுதா, பாதுகாப்புக் குறையா என்பது சொல் விளையாட்டாகத் தோன்றினாலும், யார் பணம் கொடுப்பது என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்கிறது. ஓட்டுநரின் தலையில் முன்னறிவிப்பின்றி அடிக்கும் ஒரு பொருளை வெறும் பழுது என்று கொள்வது கடினம். எனினும் உயிரிழப்போ பெருங்காயமோ தொடர்ந்து பதிவாகாத குறைகளில் நிர்வாகங்கள் மெதுவாகவே நகர்கின்றன.

விரிந்துவிட்டால்

முதலில் காரை ஓரமாக நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாங்கியைத் தள்ளுவது ஆபத்தானது.

சுருள்வில் வகைத் தாங்கிகளைக் கையாலேயே மீண்டும் பூட்டும்படி அமைத்திருக்கிறார்கள். கிரைஸ்லர் கார்களில் பின்னிருக்கையில் அமர்ந்து, விரிந்த முன்பாதியின் மேற்புறத்தைப் பிடித்துக் கீழேயும், பின்பு பின்னோக்கியும், மறுபடி கீழேயும் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பஞ்சு வைத்த முன்பாதி பின்பக்கப் பிளாஸ்டிக் கூட்டோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மெர்சிடிஸ் கார்களில் இதற்கென்று சிறிய கருவி ஒன்று கையேட்டோடு தரப்படுகிறது. எந்தக் காராக இருந்தாலும் அதற்குரிய கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். அழுத்தும்போது விரல்கள் இரு பாதிகளுக்கும் நடுவே இருக்கக் கூடாது.

பூட்டிக்கொண்டு அப்படியே நின்றால், இடிபட்டதால் விரிந்திருக்கலாம். பூட்டிக்கொள்ளாமல் மீண்டும் மீண்டும் வெளியே வந்தால் உள்ளே பிடிப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். அப்போது பணிமனைக்குத்தான் போக வேண்டும். கயிறு, ஒட்டுநாடா, பிளாஸ்டிக் கட்டு ஆகியவற்றால் இறுக்கிக் கட்டி ஓட்டுவது தற்காலிகமாக அடியைத் தடுக்கலாம். ஆனால் அழுத்தப்பட்ட வில் உள்ளே அப்படியே இருக்கிறது. கட்டு அறுந்தால் மறுபடியும் அதே அடிதான். தொல்லை என்று தாங்கியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது இவை எல்லாவற்றிலும் மோசமானது. அடுத்த பின்மோதலில் கழுத்துக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது.

தலைத்தாங்கியின் மேல் உறை மாட்டுவது, சட்டை தொங்கவிடுவது, சிறிய திரை பொருத்துவது ஆகியவற்றையும் கையேடுகள் விலக்குகின்றன. இவை தாங்கி விரிவதைக் கெடுக்கும்.

இன்றைய நிலை

புதிய கார்கள் பலவற்றில் சுருள்வில் வகைத் தலைத்தாங்கியைக் காண முடிவதில்லை. அமெரிக்க விதிகள் கடுமையானது இதற்கு ஒரு காரணம். 2004-இல் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முன் இருக்கைத் தலைத்தாங்கி 800 மி.மீ. உயரத்தை எட்டக்கூடியதாகவும், எவ்வளவு இறக்கினாலும் 750 மி.மீ.-க்குக் கீழே போகாததாகவும் இருக்க வேண்டும். தலைக்கும் தாங்கிக்கும் இடையே 55 மி.மீ.-க்கு மேல் வெளி இருக்கக் கூடாது. இவ்வளவு அருகிலேயே தாங்கி நின்றுவிட்டால், பாய்ந்து வரவேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடுகிறது. முதுகுப் பஞ்சின் வடிவத்தையும் சட்டகத்தின் நெகிழ்ச்சியையும் திருத்தியே நல்ல மதிப்பெண் பெறலாம் என்பதை உற்பத்தியாளர்கள் கண்டனர். வோல்வோ நிறுவனம் 1998-லேயே இந்த வழியில் சென்றது. அதன் இருக்கை மோதலின்போது உடலோடு சேர்ந்து சற்றுப் பின்னே இசைந்து கொடுக்கும், தலைத்தாங்கி அசையாது. முன்னர்க் குறிப்பிட்ட 2003 ஆய்வில் அது 49 விழுக்காடு குறைவைக் காட்டியது. பாயும் தாங்கிகளை விடச் சற்று அதிகம்.

அசையாத் தாங்கி உள்ள காரில் அதைச் சரியாக வைப்பது ஓட்டுநரின் வேலையாகவே இருக்கிறது. தாங்கியின் உச்சி, தலையின் உச்சியிலிருந்து 6 செ.மீ.-க்கு மேல் தாழ்ந்திருக்கக் கூடாது. தலைக்குப் பின்னுள்ள வெளி 7 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும்; ஏறக்குறைய நான்கு விரல் அகலம். இருக்கையை மிகவும் சாய்த்து ஓட்டுபவருக்கு இந்த வெளி தானாகவே பெருகிவிடும். கழுத்து வசதிக்கென்று கடைகளில் விற்கும் பெரிய திண்டுகளைத் தாங்கிக்கு முன்னால் கட்டினால் கழுத்து தாங்கப்படும், தலை தாங்கப்படாது.

2010-களில் விற்ற கார்கள் அமெரிக்காவில் இப்போது இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்குவோர் எண்ணெயையும் டயரையும் பார்ப்பதோடு தலைத்தாங்கியையும் பார்ப்பது நல்லது. பக்கவாட்டிலிருந்து நோக்கினால் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையே கோடு மட்டுமே தெரிய வேண்டும். விரல் நுழையும் வெளி இருந்தாலோ, லேசாக இழுக்கும்போது முன்பாதி ஆடினாலோ, உள்ளே ஏற்கெனவே விரிசல் தொடங்கியிருக்கலாம்.